ஊதாத மூச்சு

அத்தியாயம் 14

கடிதத்தை நித்தீஷே டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஜக்குக்கு அடியில் வைத்திருந்தான். அனுப்பிரியா ஜக்கைத் தூக்கியபோது தாளின் ஓரம் நனைந்திருந்தது. முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

“படிச்சியா?”

“படிச்சனுங்க.”

“கையெழுத்துப் போட்டுரு. நான் போறப்ப எடுத்துட்டுப் போறேன்.”

“கம்பெனி சீலு அருள்புரத்துலதான இருக்குது. அங்க போயிப் போட்டு நானே கொண்டாறேன்.”

சீல் அங்கே இருப்பது உண்மைதான். அது ஒரு சாக்கு என்பதும் உண்மை. நித்தீஷுக்கு இரண்டும் தெரியும். தட்டில் இருந்த இரண்டாவது இட்லியைத் தொடாமலே எழுந்து கை கழுவினான். பதினேழு நாளில் அவன் சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகி நின்றது.

பதினேழு நாட்களுக்கு முன்புதான் வெளிநாட்டு மருத்துவ இதழில் இருந்து அந்த ஈமெயில் வந்தது.

டாக்டர் நித்தீஷ், கோவை போகும் வழியில் உள்ள ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் நெஞ்சு நோய்ப் பிரிவில் இருக்கிறான். அவன் அப்பா ஆத்தப்பனுக்கு அருள்புரத்தில் பனியன் கம்பெனி. அங்கே வேலை பார்க்கும் இருநூற்று நாற்பது பேரை ஊதும் மெஷினில் ஊதச் சொல்லிப் பரிசோதித்ததாகவும், பஞ்சுத்தூசியால் ஒருவருடைய நுரையீரலுக்கும் கேடு இல்லை என்று தெரிந்ததாகவும் அவன் எழுதிய கட்டுரை அந்த இதழில் போன வருடம் வெளிவந்தது. கல்லூரியில் மாலை போட்டார்கள். பதவி உயர்வும் வந்தது.

இப்போது டென்மார்க்கில் இருக்கும் யாரோ ஒருவர் கட்டுரையோடு இணைத்த பட்டியலை வரி வரியாகப் பார்த்திருக்கிறார். பதினோரு பேருக்கு ஊதிய அளவாக அதே மூன்று எண்கள், அதே வரிசையில். இது எப்படி என்று அவர் இதழைக் கேட்டார். இதழ் கல்லூரியைக் கேட்டது. கல்லூரி ஒரு விசாரணைக் குழு போட்டது. கம்பெனியில் ஆட்கள் நிர்வாகத்தைப் பார்க்கும் அவன் மனைவி அனுப்பிரியாவை இன்று பகல் மூன்று மணிக்கு அந்தக் குழு வரச் சொல்லியிருந்தது.

கடிதத்தில் ஒரே வாக்கியம்தான். 2006 ஜூன் மாத முகாமில் மேற்படி 240 தொழிலாளர்களும் நேரில் கலந்துகொண்டனர் என உறுதி கூறுகிறேன்.

நேரில் வந்து ஊதியவர்கள் எண்பத்து மூன்று பேர். நாலாவது நாள் மெஷின் பழுதாகிவிட்டது. பெங்களூரிலிருந்து பாகம் வரவேண்டும் என்றார்கள். மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதே மேஜையில்தான் உட்கார்ந்தார்கள். “நீ பேரு, வயசு, எத்தன வருச சர்வீசு, மூணையும் படி” என்றான் நித்தீஷ். அவள் கம்பெனி ரிஜிஸ்டரைப் பார்த்துப் படித்தாள். அவன் எழுதினான். அதற்குக் கீழே இருந்த மூன்று கட்டங்களையும் யாரையும் கேட்காமல் அவனே நிரப்பினான்.

“இவங்கெல்லாம் ஊதுனாங்களா?” என்று ஒரு முறை கேட்டாள்.

“மெஷின் வந்ததும் ஊதிக்குவாங்க. நீ படி.”

மெஷின் சரியாகி வந்தது. யாரையும் கூப்பிடவில்லை. அவளும் அதன்பின் கேட்கவில்லை.

*

அருள்புரத்தில் கரண்ட் இல்லை. அந்த வருடம் பாதி நாள் அப்படித்தான். ஜெனரேட்டர் சத்தத்தில் பேசிப் பேசி எல்லாருக்கும் குரல் உயர்ந்துபோயிருந்தது. தையல் லைன்களில் பாதிக்குத் துணி போர்த்தியிருந்தார்கள். அமெரிக்க ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்த சமயம்.

ஆத்தப்பன் தன் அறையில் நின்றுகொண்டே டீ குடித்தார். அறுபத்தாறு வயது. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சங்கடமாக இருக்கிறது என்று இப்போதெல்லாம் உட்காருவதே இல்லை. அவருக்குப் பின்னால் சுவரில் மகனுடைய கட்டுரையின் முதல் பக்கம் லேமினேட் செய்து மாட்டியிருந்தது. துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் அனுப்பும் ஆடிட்காரர்கள் வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவார்.

“வா கண்ணு. நித்தீசு சொன்னான். சீலு மேசை டிராயர்ல இருக்குது பாரு.”

அனுப்பிரியா சீலை எடுக்கவில்லை.

“மாமா, அந்த மெஷினு நாலாவது நாளே கெட்டுப்போனது உங்களுக்கும் தெரியுமுங்களே.”

ஆத்தப்பன் டீ டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

“தெரியும். படிச்சவன், அவன் பாத்துக்குவான்னு உட்டுட்டேன். எனக்கென்ன கண்ணு தெரியும், எத்தன பேரு ஊதோணும், எத்தன பேரு ஊதக்கூடாதுன்னு?”

“தூசி உறிஞ்சற மெஷினு வேஸ்ட் ரூமுக்கு வேணும்னு கேட்டுட்டு இருந்தமுங்க. இந்தப் பேப்பரு வந்த பொறகுதான நீங்க வேண்டாம்னு போன் பண்ணுனீங்க.”

“ஆமா. ஒண்ணுமில்லீன்னு டாக்டரே எழுதிட்டான். பொறகு அது எதுக்குன்னு உட்டேன்.” அவர் குரலில் கோபம் இல்லை. “அம்மிணி, எனக்கு நெம்ப சலிச்சுப்போச்சு. காலைல எந்திரிச்சா எந்த ஆர்டரு போச்சுன்னுதான் போன் வருது. இதுல என்ற மகன் பொய்யெழுதிட்டான்னு ஊருக்குள்ள பேச்சு வந்தா நான் எங்க போயி நிக்கறது? ஒரு கையெழுத்துத்தான. போட்டு முடிச்சுக் குடுத்துரு.”

அவள் பதில் சொல்வதற்குள் கதவுக்கு வெளியே யாரோ இருமினார்கள். நீளமான இருமல். முடிந்தது என்று நினைக்கும்போது மறுபடியும் தொடங்கியது.

“யாருங்க அது?” என்று எட்டிப் பார்த்தாள். வேஸ்ட் ரூம் ஒச்சாயி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

*

ஒச்சாயிக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம். எட்டு வருடமாக இந்தக் கம்பெனியில் இருக்கிறாள். கட்டிங்கில் விழும் வெட்டுத் துணிகளை நிறம் வாரியாகப் பிரித்து மூட்டை கட்டும் வேலை. அந்த அறையில் ஒரே ஒரு ஜன்னல். அதையும் துணி பறக்கிறது என்று பாதி நாள் சாத்தித்தான் வைத்திருப்பார்கள். அங்கிருந்து வெளியே வருகிறவர்கள் புருவத்திலும் காதோரத்திலும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும்.

அனுப்பிரியா அவளை மாடியில் இருக்கும் தன் அறைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தாள். மாடிப்படி பதினான்கு. ஒச்சாயிக்கு மூச்சு அடங்க ஐந்து நிமிடம் ஆனது.

“என்னங்கக்கா இப்படி வாங்குது?”

“அதுக்குத்தேன் தாயி வந்தேன். ஈயெஸ்ஐ டாக்டரு, பழைய சீட்டு எதாச்சும் இருந்தாக் கொண்டாங்கறாரு. நம்ம சாரு டெஸ்டு எடுத்தாகள்ல, அந்தச் சீட்டு இருந்தாக் குடுங்க.”

“எந்த டெஸ்ட்டுங்க?”

“அதேன், போர்டுல ஒட்டியிருந்தாகளே. எம் பேருக்கு நேரா நார்மலுன்னு போட்டிருந்துச்சு. செக்கிங்குல இருக்குற புள்ள படிச்சுக் காட்டுச்சு.”

அனுப்பிரியாவுக்கு நினைவு வந்தது. ஒரு ஆடிட்டுக்காக இருநூற்று நாற்பது பேரின் பட்டியலையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். ஒட்டச் சொன்னவளும் அவள்தான்.

அலமாரியில் இருந்து அந்தச் சோதனைத் தாள்களின் நகல் ஃபைலை எடுத்தாள். நூற்றுப் பதினெட்டாவது தாள். ஒச்சாயி, வயது நாற்பத்தொன்று, சர்வீஸ் ஆறு வருடம். கீழே மூன்று கட்டங்களில் நித்தீஷின் சாய்ந்த எழுத்தில் மூன்று எண்கள். முதல் ஊதல், இரண்டாவது ஊதல், மூன்றாவது ஊதல்.

“அக்கா, நீங்க அந்த மெஷின்ல ஊதுனீங்களா?”

“நா எங்கிட்டு ஊதுனேன்? எங்க ரூமுக்கு நாளைக்கு, நாளைக்குன்னாக. அப்பறம் மெஷினு ரிப்பேருன்னுட்டாக.”

“பொறகு எப்படிங்க நார்மல்னு போட்டிருந்தத நம்புனீங்க?”

ஒச்சாயி யோசித்தாள். “அதுக்கு முன்னாடி ஒருக்கா எல்லாத்துக்கும் ரெத்தம் எடுத்தாகள்ல? அதுலயே பாத்துப்புட்டாகன்னு நெனச்சேன். பெரிய படிப்புப் படிச்சவுக. நமக்கென்னத் தெரியும்?”

அனுப்பிரியா ஃபைலை மூடினாள். மூடிய பின்னும் விரல் அந்தப் பக்கத்திலேயே இருந்தது.

“எப்ப இருந்துங்க இப்படி இருக்குது?”

“அது ஆச்சு, ரெண்டு வருசத்துக்கு மேல. திங்கக்கெழமையானா நெஞ்ச யாரோ கயித்தப் போட்டு இறுக்குறாப்புல இருக்கும். மத்த நாளு கொஞ்சம் தேவல. எங்க வீட்டுக்காரரு சுடலை இருக்காரே, வேலைக்குப் போகச் சோம்பப்பட்டு நடிக்கிறேன்னு வைவாரு. நானும் அப்படித்தேன் நெனச்சுக்கிட்டேன் தாயி. டாக்டரே நல்லாருக்குன்னு எழுதிட்டாக, அப்பறம் இது என்ன, என் ஒடம்பு வணங்கலன்னுதான அர்த்தம்?” அவள் சிரிக்க முயன்றாள். இருமல் வந்துவிட்டது. “இல்லாட்டி எப்பவோ வேற வேலைக்குப் போயிருப்பேன். வீட்டு வேலைக்குக் கூப்புட்டாக. நாந்தேன் போகல.”

அனுப்பிரியா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். டம்ளரை வாங்கும்போது ஒச்சாயி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்தச் சீட்டு இல்லையாம்மா?”

“சீட்டு இருக்குதுங்க. ஆனா அது உங்க சீட்டு இல்லீங்க.”

“வேற ஒச்சாயி இருக்காளா கம்பெனியில?”

“இல்லீங்கக்கா.” அனுப்பிரியா எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். “அது பொய்யி. உங்கள ஊதச் சொல்லாமயே எழுதுனது. நான்தான் உங்க பேரப் படிச்சேன். சாரு எழுதுனாங்க.”

ஒச்சாயி கோபப்படுவாள் என்று அனுப்பிரியா எதிர்பார்த்தாள். கோபம் வந்திருந்தால் கொஞ்சம் நன்றாகக்கூட இருந்திருக்கும்.

“அப்ப எனக்கு நெசமாவே முடியலதான?” என்றாள் ஒச்சாயி மெதுவாக. “நா சோம்பேறி இல்லேல்ல?”

*

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவர் டாக்டர் ஜெபக்குமார், நாகர்கோவில்காரர், பயோகெமிஸ்ட்ரி பேராசிரியர். அடுத்த மார்ச்சில் ஓய்வு. இந்தப் பொறுப்பைத் தன் தலையில் கட்டிவிட்டார்களே என்ற சலிப்பு அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. மேஜையின் மறுகோடியில் நித்தீஷ். அனுப்பிரியா உள்ளே வந்ததும் அவள் கையில் இருந்த பையைத்தான் பார்த்தான்.

“கம்பெனியில இருந்து கடிதம் கொண்டு வந்திருக்கீங்களாம்மா?” என்றார் ஜெபக்குமார்.

அவள் கடிதத்தை எடுத்து வைத்தாள். அதன்மேல் முகாம் வருகைப் பதிவேட்டையும் நகல் ஃபைலையும் வைத்தாள்.

“இதுல கையெழுத்து இல்லையே.”

“போட முடியலீங்க சார்.”

நித்தீஷ் கண்ணை மூடிக்கொண்டான்.

“இருநூத்தி நாப்பது பேரு இல்லீங்க. எம்பத்தி மூணு பேருதான் ஊதுனாங்க. நாலாவது நாளு மெஷின் கெட்டுப்போச்சு.”

“இது உங்களுக்கு யாராவது சொன்னாங்களா, நீங்களே பார்த்தீங்களா?”

“மீதிப் பேரையெல்லாம் நான்தான் படிச்சனுங்க. எங்க ஊட்டு டேபிள்ல. இவங்க எழுதுனாங்க.”

குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது.

“தெரிஞ்சேதான் படிச்சீங்களா?” ஜெபக்குமார் இதைக் கடிந்து கேட்கவில்லை. எழுதிக்கொள்ள வேண்டியிருந்ததால் கேட்டார்.

அனுப்பிரியா யோசித்துப் பதில் சொன்னாள். “மொதல்ல தெரியலீங்க. ஒரு நாப்பது பேரு தாண்டறப்ப தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்பறமும் படிச்சனுங்க.”

“சார்.” நித்தீஷ் குறுக்கிட்டான். “அவ மேல எதுவும் எழுதாதீங்க. ஃபார்ம்ல இருக்கற எழுத்து எல்லாமே என்னோடது. அவளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

“சம்பந்தம் இருக்குதுங்க” என்றாள் அனுப்பிரியா, அவன் பக்கம் திரும்பாமலே.

“நான் கெட்டது நெனச்சுப் பண்ணல சார். எம்பத்தி மூணு பேரும் நல்லா ஊதுனாங்க. ஒருத்தருக்குக்கூட குறை இல்ல. மீதிப் பேருக்கும் அப்படித்தான் இருக்கும், இதுல என்ன மாறிடப் போகுதுன்னு…”

இப்போது அவள் திரும்பினாள்.

“அந்த எம்பத்தி மூணு பேரும் யாருன்னு தெரியுங்களா? தையலும் செக்கிங்கும். காத்தோட்டமா ஒக்காந்து வேல செய்யறவங்க. வேஸ்ட் ரூம்காரங்களுக்கு அஞ்சாவது நாளுன்னு எழுதி வெச்சிருந்தோம். தூசியிலயே கெடக்கறவங்க ஒருத்தர்கூட ஊதல. அவங்க பேருக்குத்தான் நீங்க எழுதுனீங்க.”

ஃபார்மில் வேலைப் பிரிவுக்குக் கட்டம் இல்லை. நித்தீஷுக்கு அது இதுவரை தோன்றியதே இல்லை என்பதை அவன் முகம் சொல்லியது. பதினேழு நாட்களாக அவன் பயந்தது பெயருக்கும் பதவிக்கும். இப்போது அவன் ஃபைலைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு தாளாகத் திருப்பி, ஏதோ ஒரு பெயரில் நின்றான். மேஜையில் வைத்திருந்த கைகள் இரண்டையும் மடிக்கு எடுத்துக்கொண்டான்.

அனுப்பிரியா ஒச்சாயியைப் பற்றிச் சொன்னாள். போர்டில் ஒட்டிய பட்டியல், வீட்டு வேலைக்குப் போகாமல் நின்றது, மாடிப்படி பதினான்கு. கோர்வையாகச் சொல்ல வரவில்லை. முன்னும் பின்னுமாகச் சொன்னாள்.

ஜெபக்குமார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“இதழுக்கு நாங்க எழுதிடுவோம் டாக்டர். கட்டுரையை அவங்க திரும்பப் பெறுவாங்க. இன்டர்நெட்ல அந்தப் பக்கத்துக்கு மேல ஒரு வரி போடுவாங்க. உங்க வேலை விஷயம் மேனேஜ்மென்ட் பாடு, அதுல நான் சொல்ல ஒண்ணுமில்ல.” பிறகு அனுப்பிரியாவைப் பார்த்தார். “அந்தம்மாவ இப்போ எங்க விட்டுட்டு வந்திருக்கீங்க?”

“அவங்க ஊட்டுல கொண்டுபோய் உட்டுட்டு வந்தனுங்க. வேஸ்ட் ரூமுக்கு இனிப் போக வேண்டாம்னு சொல்லியிருக்கறேன்.”

“நல்லது. இந்தப் பக்கம் தண்ணி இருக்கு, குடிச்சிட்டுப் போங்க.”

*

திரும்பும்போது நித்தீஷ்தான் கார் ஓட்டினான். பல்லடம் ரோட்டில் டிராஃபிக். ஆத்தப்பனிடமிருந்து அனுப்பிரியாவின் செல்லுக்கு நான்கு முறை அழைப்பு வந்தது. நான்காவது முறை எடுத்தாள்.

“மாமா, நான் கையெழுத்துப் போடலீங்க. நெசத்தச் சொல்லிட்டனுங்க. ஊட்டுக்கு வந்து பேசறனுங்க.”

மறுமுனையில் ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே ஆத்தப்பன், “சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?” என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டார்.

“நாளைக்கு ஒச்சாயிக்காவ கோயமுத்தூரு கூட்டிட்டுப் போறேன்” என்றாள் அனுப்பிரியா. “நெசமாவே ஊதிப் பாக்கோணும்.”

“நானும் வர்றேன்.”

“வேண்டாங்க. உங்களப் பாத்தா அந்தக்கா சேர்ல உக்காரக்கூட மாட்டாங்க.”

அவன் தலையாட்டினான். சண்டை போடுவான் என்று அவளும், திட்டுவாள் என்று அவனும் இருந்தார்கள். இருவருக்குமே தெம்பு இல்லை. வெளியே வெயில் இறங்கி, நிட்டிங் கம்பெனிகளில் லைட் போடத் தொடங்கியிருந்தார்கள்.

பல்லடம் நெருங்கும்போது அவன் வண்டியை ஒரு பேக்கரி ஓரமாக நிறுத்தினான். டீ குடிக்கத்தான் என்று அவள் இறங்கப்போனாள். அவன் இறங்கவில்லை.

“அனு, நீ அந்த வேஸ்ட் ரூம் விசயம் சொன்னதுல இருந்து எனக்கு மனசுல ஒண்ணு ஓடிட்டே இருக்குது.”

“என்னதுங்க?”

“இன்னொரு பேப்பரு இருக்குது. இந்தப் பக்கத்து டாக்டருங்க படிக்கற பத்திரிகைல, இந்த மார்ச்சுல வந்தது. கைக்குழந்தைங்களுக்கு மூச்சிளைப்பு வந்தாக் குடுக்கற சொட்டு மருந்து. எத்தன சொட்டு வரைக்கும் குடுக்கலாம்னு பாத்தது.”

அவள் கதவுப் பிடியில் இருந்து கையை எடுத்தாள்.

“எத்தன குழந்தைங்க?”

“எழுதுனது அறுபத்தி நாலு.”

“குடுத்துப் பாத்தது?”

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். “பத்தொம்பது. பெரிய சைஸ் குழந்தைங்களாத்தான் வந்துச்சு. எடை கம்மியான குழந்தைங்களுக்கு நான் குடுத்துப் பாக்கவே இல்ல, சும்மா எழுதிட்டேன். இப்ப நம்ம காலேஜு குழந்தைங்க வார்டுல அல்லாரும் அந்த அளவுதான் எழுதறாங்க.”

பேக்கரிக்காரர் கண்ணாடி வழியாகக் குனிந்து, எத்தனை டீ என்று சைகையில் கேட்டார்.

“வண்டியத் திருப்புங்க” என்றாள் அனுப்பிரியா.

“மணி ஆறாச்சு அனு. ஆபீசெல்லாம் பூட்டியிருப்பாங்க. ஜெபக்குமார் சாரும் போயிருப்பாரு.”

“வார்டப் பூட்ட மாட்டாங்கல்லங்க?”

நித்தீஷ் கியர் மாற்றி, எதிரே வந்த டவுன் பஸ் கடந்து போகும் வரை காத்திருந்து, வந்த வழியே காரைத் திருப்பினான்.